மஞ்சள் நம்மைக் காக்கும். மஞ்சளை யார் காப்பது?

மாணவர்களே, உங்கள் வீட்டுப் புலனக் குழுவில் இப்படியொரு செய்தி என்றாவது வந்திருக்கும். “தினமும் காலையில் ஒரு கரண்டி மஞ்சள். உடம்பில் தங்கியிருக்கும் ஈயம், பாதரசம் எல்லாம் ஓடிப்போகும். விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்!” கீழே மஞ்சள் கிழங்கின் படம். அதற்கும் கீழே ஒரு மாத்திரைப் புட்டி, விலை, தொலைபேசி எண். அம்மா அதைப் பெரியம்மாவுக்கு அனுப்புவார். பெரியம்மா கோயில் குழுவுக்கு அனுப்புவார். மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. மஞ்சள், பூண்டு, தேயிலை, புரோக்கோலி ஆகியவற்றில் உள்ள சில சேர்மங்கள் கன உலோகங்களின் தாக்குதலிலிருந்து உயிரணுக்களைக் காப்பதை ஆய்வுக்கூடங்கள் பலமுறை கண்டிருக்கின்றன. ஆனால் உயிரணுவைக் காப்பது வேறு. உங்களைக் காப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. புலனச் செய்தி அதை ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. நாம் அந்தத் தூரத்தை நடந்தே பார்ப்போம்.

உயிரணுவுக்குள் என்ன நடக்கிறது?

நம் உடலுக்கு இரும்பு வேண்டும், துத்தநாகம் வேண்டும், கொஞ்சம் செம்பும் வேண்டும். ஈயம், காட்மியம், பாதரசம் ஆகிய மூன்றுக்கும் உடலில் எந்த வேலையும் இல்லை. ஆர்செனிக் முழு உலோகம் அல்ல என்றாலும், நச்சுக் கணக்கில் அதையும் இவற்றோடுதான் சேர்ப்பார்கள்.

வேலையே இல்லாதவை எப்படி இவ்வளவு கெடுதல் செய்கின்றன? ஆள்மாறாட்டம்தான் முதல் வழி. ஈயம் உடலை ஏமாற்றிக் கால்சியத்தின் இடத்திலும் துத்தநாகத்தின் இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினைத் தயாரிக்கும் வரிசையில் ஒரு நொதி இருக்கிறது. அது இயங்கத் துத்தநாகம் தேவை. அந்த இருக்கையை ஈயம் பிடித்துக்கொண்டால் நொதி நின்றுவிடும். ஈய நச்சு ஏறியவர்களுக்கு இரத்தசோகை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி கந்தகம். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ‘கை’ நீட்டிக்கொண்டிருக்கும். நம் புரதங்கள் பலவற்றில் சிஸ்டீன் இருக்கிறது. பாதரசம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவை அந்தக் கையைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். பிடிபட்ட புரதம் தன் வேலையைச் செய்ய முடியாது.

உயிரணுவும் சும்மா இருப்பதில்லை. குளுட்டாத்தயோன் என்ற காவலாளியைப் பெரும் எண்ணிக்கையில் வைத்திருக்கிறது. மூன்றே அமினோ அமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு அது. அதற்கும் ஒரு கந்தகக் கை உண்டு. உலோகம் வந்தால் தானே போய்ப் பிடித்துக்கொள்ளும். உயிரணுவின் அன்றாட வேலையில் பிறக்கும் வெறிபிடித்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குவதும் அதே காவலாளிதான். உலோகம் நிறைய வந்தால் காவலாளிகள் எல்லாம் அதைப் பிடிப்பதிலேயே தீர்ந்துபோகிறார்கள். அப்போது ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்குக் கட்டுப்பாடு இல்லை. உயிரணுச் சவ்வின் கொழுப்பு, ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா, டி.என்.ஏ. என்று எல்லாவற்றையும் அவை சேதப்படுத்தும்.

இன்னொரு தொல்லை, இவை எளிதில் வெளியேறுவதில்லை. இரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஆனால் எலும்புக்குள் போய்விட்ட ஈயம் பல பத்தாண்டுகள் தங்கும். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியமும் அப்படித்தான். ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் ஒரு சுரங்கத்தின் காட்மியம் ஆற்றில் கலந்து, வயலுக்குப் போய், அரிசி வழியாக மக்களின் உடலில் சேர்ந்தது. சிறுநீரகம் கெட்டது, எலும்புகள் மெலிந்து முறிந்தன. அந்த நோய்க்கு ‘இத்தாய்-இத்தாய்’ என்று பெயர். ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று பொருள். காட்மியம்தான் அதற்குக் காரணம் என்று ஜப்பானிய அரசு 1968இல் ஒப்புக்கொண்டது.

செடிகள் தரும் மூன்று உதவிகள்

இப்போது மஞ்சளில் உள்ள குர்குமின், வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின், பச்சைத் தேயிலையின் கேட்டச்சின்கள், புரோக்கோலியை நறுக்கும்போது உருவாகும் சல்ஃபோராஃபேன் ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களுக்கு இவை மூன்று வகையில் உதவுகின்றன.

முதலாவது, சில சேர்மங்கள் உலோகத்தைத் தாமே பற்றிக்கொள்கின்றன. இரண்டாவது, வெறிபிடித்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குகின்றன. மூன்றாவது உதவிதான் மிகவும் சுவையானது. உயிரணுவில் என்.ஆர்.எஃப்.2 என்றொரு புரதம் இருக்கிறது. அமைதிக் காலத்தில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். சல்ஃபோராஃபேன் உள்ளே வந்ததும் கீப்1-இன் கந்தகக் கைகளில் ஒட்டிக்கொள்கிறது. பிடி தளர்கிறது. விடுபட்ட என்.ஆர்.எஃப்.2 உட்கருவுக்குள் ஓடி, ‘காவலாளிகளை இன்னும் அதிகமாகத் தயார் செய்’ என்று மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. குளுட்டாத்தயோன் உற்பத்தி கூடுகிறது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். சல்ஃபோராஃபேனைச் செடி நமக்காகத் தயாரிக்கவில்லை. தன்னைக் கடிக்கும் பூச்சிகளை விரட்டவே அந்த வகைச் சேர்மங்களை அது வைத்திருக்கிறது. நம் உயிரணு அதை ஒரு சிறிய ஆபத்தாகக் கருதித்தான் எச்சரிக்கை மணியை அடிக்கிறது. அந்த மணிச் சத்தத்தில்தான் காவல் பலப்படுகிறது. ஆகவே, ‘இயற்கையானது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்ற பேச்சு அடிப்படையிலேயே தவறு. மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. சில நுரையீரல் புற்றுநோய் உயிரணுக்கள் இதே காவலை நிரந்தரமாக முடுக்கிவிட்டுத் தம்மைக் காத்துக்கொள்கின்றன.

இந்த ஆய்வுகள் வீண் என்று நான் சொல்லவில்லை. நச்சு எப்படி வேலை செய்கிறது, உயிரணு எப்படி எதிர்க்கிறது என்பதை இவைதாம் நமக்குக் காட்டுகின்றன. உங்களில் ஒருவர் நாளை இந்தத் துறைக்கே போகலாம். ஆனால் ஆய்வு முடிந்த இடத்தில் விற்பனை தொடங்கும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். அப்போது கேட்பதற்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி: எவ்வளவு?

உயிரணுச் சோதனைகளில் குர்குமினைப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் அளவில் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 4 மில்லிகிராம். சின்ன அளவுதானே என்று தோன்றும். ஆனால் தட்டில் உயிரணு அந்தக் கரைசலிலேயே ஊறிக் கிடக்கிறது. வாய் வழியாக விழுங்கினால் கதை வேறு.

குர்குமின் நீரில் கரைய மறுக்கும். குடலும் கல்லீரலும் அதை வேகமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்கு ஒரே வேளையில் 8 கிராம் வரை குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய இரத்தத்தில் குர்குமின் தென்படவே இல்லை. மஞ்சள்தூளின் எடையில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். அப்படியென்றால் 8 கிராம் குர்குமினுக்கு எவ்வளவு மஞ்சள்தூள் வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், கால் கிலோவுக்கும் மேல். அம்மா குழம்பில் போடும் அரைத் தேக்கரண்டி எங்கே, இது எங்கே!

“மிளகு சேர்த்தால் உடம்பில் ஏறுமே?” என்று கேட்பீர்கள். உண்மைதான், மிளகின் பைப்பரின் குர்குமின் உறிஞ்சப்படுவதைக் கூட்டுகிறது. கல்லீரலின் வெளியேற்றும் வேலையை அது மட்டுப்படுத்துவது அதற்கு ஒரு காரணம். அதே கல்லீரல்தான் தாத்தா சாப்பிடும் மற்ற மருந்துகளையும் கையாள்கிறது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகள் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, புட்டியில் அடைத்த மஞ்சள் வேறு.

இரண்டாம் கேள்வி: யாரிடம் சோதித்தார்கள்?

இந்தத் துறையின் பெரும்பாலான ஆய்வுகள் உயிரணுக்களிலும் எலிகளிலும் நடந்தவை. பல ஆய்வுகளில் செடிச் சேர்மத்தை உலோகத்துக்கு முன்பாகவோ அதோடு சேர்த்தோ கொடுத்துவிடுவார்கள். நிஜ வாழ்க்கையில் ஈயம் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. தூசியிலும் உணவிலும் கலந்து ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறுகிறது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் உண்டு. ஈரானில் கார் பேட்டரித் தொழிற்சாலையில் வேலை செய்த 117 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பூண்டு மாத்திரை, மற்றதற்கு ஈய நச்சுக்குக் கொடுக்கப்படும் டி-பெனிசிலமைன் என்ற மருந்து. நான்கு வாரங்களில் இரண்டு குழுக்களிலும் இரத்த ஈயம் குறைந்தது. பூண்டுக் குழுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் வெற்று மாத்திரை மட்டும் பெற்ற மூன்றாவது குழு அதில் இல்லை. ஆகவே எவ்வளவு குறைவு பூண்டினால், எவ்வளவு தானாகவே என்று பிரித்துச் சொல்ல முடியாது. அறிவியல் செய்முறையில் ‘கட்டுப்பாட்டுக் குழு எங்கே?’ என்று உங்கள் ஆசிரியர் கேட்பது இதனால்தான்.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது ஆபத்தாகவும் முடியலாம். காரட்டின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் புகைப்பவர்களின் நுரையீரலைக் காக்கும் என்று பலரும் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் அதைச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக வந்திருந்தது. காரட் சாப்பிடுவதால் இப்படி ஆகவில்லை. காரட்டிலுள்ள ஒன்றை மட்டும் எடுத்து மாத்திரையாக விழுங்கியதால் ஆனது.

மூன்றாம் கேள்வி: உலோகம் எங்கே போயிற்று?

‘உயிரணு காப்பாற்றப்பட்டது’ என்றால் உலோகம் உடலைவிட்டுப் போய்விட்டது என்று பொருளல்ல. சேதம் குறைந்திருக்கலாம், உலோகம் அங்கேயே இருக்கலாம். அல்லது வேறிடத்துக்கு நகர்ந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்ஃபர்டில் டைமெர்கேப்ரோல் என்ற மருந்தை உருவாக்கினார்கள். ஆர்செனிக் கலந்த நச்சு வாயுவுக்கு மாற்று அது. இரண்டு கந்தகக் கைகளால் ஆர்செனிக்கைப் பிடித்து வெளியேற்றும். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் மீனில் காணப்படுவது போன்ற கரிமப் பாதரச நச்சுக்கு அதைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் பாதரசத்தை மூளைக்கு நகர்த்திவிடும் அபாயம் இருக்கிறது. முறையான மருந்துக்கே இத்தனை எச்சரிக்கை என்றால், அளவே தெரியாத பொடிக்கு எவ்வளவு வேண்டும்?

பிடிக்கும் கைக்கு நல்ல உலோகம், கெட்ட உலோகம் என்ற பேதமும் தெரியாது. தேநீரில் உள்ள டேனின்கள் சோதனைக் குழாயில் ஈயத்தைப் பிடிக்கும். மதியச் சாப்பாட்டோடு தேதாரே குடித்தால், அவை கீரையில் உள்ள இரும்பையும் பிடித்துக்கொள்ளும். இரும்புச்சத்துக் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அது நட்டமே தவிர லாபமில்லை.

வேலியே பயிரை மேய்ந்த கதை

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

வங்காளதேசத்தின் கிராமப்புறங்களில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அருகில் தொழிற்சாலை இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது? ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தினரும் டாக்காவில் உள்ள ஐ.சி.டி.டி.ஆர்.பி. ஆய்வு நிலையத்தினரும் மண், உணவு, பாத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஈயத்துக்கு ஐசோடோப்புகளின் விகிதம் என்றொரு கைரேகை உண்டு. அந்தக் கைரேகை போய் நின்ற இடம் மஞ்சள்தூள்.

மஞ்சளுக்குப் பளபளப்பான நிறம் வர, வண்ணப்பூச்சில் பயன்படும் ஈய குரோமேட் என்ற மஞ்சள் நிறப் பொடியைச் சிலர் அதில் கலந்துவந்தார்கள். 1980களில் பெருவெள்ளம் வந்து மஞ்சள் நனைந்து நிறம் மங்கியபோது தொடங்கிய பழக்கம் அது என்கிறது 2019இல் வெளியான ஆய்வு. ஈயத்திலிருந்து உயிரணுவைக் காக்கும் என்று நாம் புகழும் அதே மஞ்சள், ஈயத்தைச் சுமந்துகொண்டு அடுப்படிக்கு வந்திருக்கிறது. அந்தத் தாய்மார்கள் கூடுதலாக ஒரு கரண்டி மஞ்சள் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அங்கே தீர்வு எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். எந்த மாத்திரையும் வரவில்லை. வங்காளதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை அறிவிப்புகளை ஒட்டியது. நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் செய்தி வெளியிட்டன. கையடக்க எக்ஸ்ரே கருவியோடு அதிகாரிகள் மொத்தச் சந்தையில் சோதனை நடத்தி, கலப்படம் செய்த வணிகர்களுக்கு அபராதம் விதித்தார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. 2021இல் அது பூஜ்யமானது. இரண்டே ஆண்டுகள்!

‘இயற்கை மருந்து’ என்ற பெயரில் விற்கப்படுவனவற்றிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. இந்த முடிவு 2004இல் வெளியானது. சித்த, ஆயுர்வேத மரபுகளில் சில மருந்துகளில் உலோகத்தைத் தெரிந்தேதான் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்க்குமுன் அதைச் சுத்தி செய்யவேண்டும் என்று அந்த மரபே கட்டளையிடுகிறது. உலோகம் நஞ்சு என்று நம் முன்னோருக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இன்று ஆய்வுக்கூடத்தில் அளந்து பார் என்று சொல்வது மரபை அவமதிப்பது ஆகாது. அந்த எச்சரிக்கையின் தொடர்ச்சிதான் அது.

கலப்படமே இல்லாவிட்டாலும், செடி தான் நிற்கும் மண்ணை உறிஞ்சித்தான் வளர்கிறது. நம் சபா மாநிலத்தில், நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் உறவான ஃபிலாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்த சில மரங்கள் மண்ணிலுள்ள நிக்கலை உறிஞ்சிச் சேர்த்துவைக்கின்றன. உலர்ந்த இலையின் எடையில் நிக்கல் 1 விழுக்காட்டையும் தாண்டும். கால்வாய்ச் சுவர்களில் முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்செனிக்கைச் சேர்த்துவைப்பதை 2001இல் கண்டறிந்தார்கள். உலோகத்தைக் குளுட்டாத்தயோனிலிருந்து செய்த சங்கிலிகளால் கட்டிப்போட்டு, உயிரணுவின் நுண்குமிழிக்குள் பூட்டிவைக்கும் வித்தை தாவரங்களுக்குத் தெரியும். செடிக்கு அது காப்பு. அந்தச் செடியைத் தின்பவருக்கு? அழுக்கு நீரில் வளரும் கங்கோங் பார்க்கப் பச்சைப்பசேலென்றுதான் இருக்கும்.

வாசலைக் காப்பதே பெரிய காப்பு

2010இல் நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலத்தில், வீட்டு முற்றங்களில் தங்கத் தாதுவை உடைத்து அரைத்ததால் ஈயத் தூசி பரவி 400க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் இறந்தார்கள். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பினர் சக்சிமர் என்ற மருந்தோடு போனார்கள். அதுவும் கந்தகக் கைகளால் ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துதான். ஆனால் நச்சு மண்ணை அகற்றிச் சுத்தம் செய்த கிராமங்களின் குழந்தைகளுக்கே சிகிச்சை தொடங்கினார்கள். மண்ணை அப்படியே விட்டுவிட்டு மருந்து கொடுத்தால், வெளியேறும் ஈயம் மறுநாளே திரும்பி வரும். ஓட்டைப் படகில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பது போலத்தான்.

நாட்டளவிலும் இதே பாடம். அமெரிக்கர்களின் சராசரி இரத்த ஈயம் 1970களின் பிற்பகுதியில் ஒரு டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமாக இருந்தது. 1990 வாக்கில் 2.8 ஆகக் குறைந்தது. இதற்கு முக்கியக் காரணம் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கியது. சிங்கப்பூர் 1998இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியா நிறுத்தியது. ஈய விஷயத்தில் இதற்கு ஈடான ‘மூலிகை’ இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்படியென்றால் உணவுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் புலனச் செய்தி சொல்லும் பங்கு அல்ல. குடலில் இரும்பை உள்ளே எடுத்துக்கொள்ள ஒரு வாசல் இருக்கிறது. காட்மியமும் ஈயமும் அந்த வாசல் வழியாகவும் நுழையக்கூடியவை. உடலில் இரும்பு குறைந்தால் குடல் வாசல்களை அதிகமாகத் திறந்து வைக்கும். நச்சு உலோகமும் அதிகமாக நுழையும். கால்சியம் குறைந்தாலும் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படும். வெறும் வயிற்றிலும் அப்படியே. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் விழுங்கிய ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே காலைச் சிற்றுண்டியைத் தவிர்க்காமல் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, நெத்திலி, பால் இவையெல்லாம் தட்டில் இருக்கட்டும். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். தம்பி தங்கைகளுக்கும் கொடுங்கள். விலை குறைவு, புட்டி தேவையில்லை.

கையால் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. பள்ளியில் மின்சுற்றுச் செய்யும்போது பற்றவைக்கும் கம்பியில் ஈயம் இருக்கக்கூடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தூண்டில் ஈயக் குண்டைப் பல்லால் கடிக்காதீர்கள். பழைய மின்கம்பிகளை எரித்துச் செம்பு எடுப்பவர்களுக்கு அருகில் நிற்காதீர்கள். எங்கே தயாரித்தது என்றே தெரியாத கண் மையையும் குங்குமத்தையும் கைக்குழந்தைக்கு இடவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். சிலவற்றில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. புகையிலைச் செடி காட்மியத்தை மண்ணிலிருந்து நன்றாக உறிஞ்சும். சிகரெட் பிடிப்பவர் அதை நேராக நுரையீரலுக்கே அனுப்புகிறார்.

வீட்டில் யாராவது மூலிகை மருந்து வாங்கினால் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் அதற்கு ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கவேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் உண்மையா என்று தெரிந்துவிடும். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் ஒரு கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராமையும், ஆர்செனிக் 5 மில்லிகிராமையும், பாதரசம் 0.5 மில்லிகிராமையும், காட்மியம் 0.3 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்பது விதி. சிங்கப்பூரில் இதைச் சுகாதார அறிவியல் ஆணையம் கவனிக்கிறது. யாருக்காவது உலோக நச்சு ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் போகவேண்டிய இடம் மருத்துவமனை. அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது.

என் கருத்தை ஒரே வரியில் சொல்கிறேன். செடிச் சேர்மங்களை ஆய்வுக்கூடம் தொடர்ந்து ஆராயட்டும். ஆனால் உலோகத்தைச் சோற்றிலும் காற்றிலும் மருந்திலும் கலக்கவிட்டுவிட்டு, ‘மஞ்சள் சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்வதை நாம் ஏற்கக்கூடாது. அப்படி ஏற்றுக்கொண்டால், கலந்தவர் தப்பித்துக்கொள்வார். காத்துக்கொள்ளும் பொறுப்பும் செலவும் உங்கள் அம்மாவின் தலையில் விழும்.

அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது பெரியவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். “பெரியம்மா, எவ்வளவு சாப்பிடணும், யாருக்குக் கொடுத்துச் சோதிச்சாங்க, அந்த ஈயம் எங்க போகுதுன்னு போட்டிருக்காங்களா?” என்று பணிவாகக் கேளுங்கள். கூடவே, “வீட்டுல இருக்கிற மஞ்சள்தூளை எங்க வாங்கினீங்க?” என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்காளதேசத்து ஆய்வாளர்களும் அந்தத் தேடலில்தான் ஈயத்தைக் கண்டுபிடித்தார்கள்.